‘பாரமவுண்ட்’ என்னும் ஆங்கிலப் பெயரடை: பொருளும் ஆட்சியும் தமிழாக்கமும்

முன்னுரை

தலைமைப் பொருளை உணர்த்தும் பெயரடைகள் ஆங்கிலத்தில் பல. சீஃப், மெயின், பிரின்சிபல், பிரைமரி, சுப்ரீம், கார்டினல், பாரமவுண்ட் என்பன அவற்றுட் சில. அன்றாட வழக்கில் ஒன்றன் இடத்தில் மற்றொன்று வந்தாலும் பெரும் பிழை நேர்வதில்லை. ‘முக்கியமான’ என்னும் ஒரே சொல்லால் இவை அனைத்தையும் தமிழில் பெயர்த்துவிட்டு மொழிபெயர்ப்பாளர் அடுத்த வரிக்குச் செல்லலாம். பெரும்பாலும் அவ்வாறே செல்கின்றனர்.

சட்டத் தொடர்களில் இந்தத் தாராளம் பொருந்துவதில்லை. இந்து இளவர், காப்பாளர் சட்டம் 1956இல் இயற்றப்பட்டது. அதன் 13ஆம் பிரிவு, நீதிமன்றம் ஓர் இளவருக்குக் காப்பாளரை அமர்த்தும்போது அவ்விளவரின் நலனே ‘பாரமவுண்ட்’ கருத்தாக அமைய வேண்டும் என்று விதிக்கிறது. இச்சொல்லை ‘முக்கியமான’ என்று பெயர்த்தால், குழந்தையின் நலன் கருதத்தக்க பலவற்றுள் ஒன்றாகச் சுருங்கும். ‘முதன்மையான’ என்று பெயர்த்தால் அது பலவற்றுள் முதலாவதாகும். ஆனால் இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றுசேர்ந்து முதலாவதை வெல்வதற்கும் இடம் இருக்கும். மூலச்சொல் இந்த இரண்டு வாய்ப்புகளையும் அடைத்துவிடுகிறது. தமிழ்நாட்டின் கீழமை நீதிமன்றங்களில் தமிழும் வழங்குகிறது. தன் குழந்தை யாரிடம் வளரும் என்னும் முடிவைத் தமிழில் படித்தறிய வேண்டிய தாயோ தந்தையோ அங்கு உள்ளனர். ஆகவே, இப்பெயரடையின் பொருளைத் துல்லியமாக வரையறுப்பதும், அப்பொருளைத் தமிழ் எவ்வழியால் தாங்கும் என்பதைக் காண்பதும் சொல்லாராய்ச்சியோடு மட்டும் நின்றுவிடும் செயல்கள் அல்ல.

சொற்பிறப்பு

தலைமைப் பொருள் உணர்த்தும் ஆங்கிலப் பெயரடைகளிற் பெரும்பாலானவை மூன்று உருவகங்களுள் ஒன்றிலிருந்து கிளைத்தவை. ‘சீஃப்’ என்பது தலையைக் குறிக்கும் ‘காபுட்’ என்னும் இலத்தீன் சொல் பிரெஞ்சின் வழியாகத் திரிந்து வந்தது. ‘பிரைமரி’, ‘பிரின்சிபல்’ ஆகியவற்றின் அடியில் முதலாவது என்னும் பொருளுடைய ‘பிரீமுஸ்’ உள்ளது. ‘சுப்ரீம்’ என்பது மேல் என்னும் பொருளுடைய ‘சூப்பர்’ என்பதன் வழிப்பட்டது. தலை, முதல், மேல் என்னும் இம்மூன்றும் தமிழிலும் அப்படியே உள்ளன: தலையாய, முதன்மையான, மேலான. இம்மூவகையிலும் அடங்காதவையும் உண்டு. கதவின் கீல் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்த ‘கார்டினல்’ அத்தகையது. வலிமையைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்த ‘மெயின்’ மற்றொன்று. முகம் என்பதனடியாகப் பிறந்த ‘முக்கியம்’ என்னும் வடசொல்லும் இவ்வாறு தனித்து நிற்பதே.

‘பாரமவுண்ட்’ மேல் என்னும் உருவகத்தைச் சார்ந்தது. இங்கிலாந்தை நார்மானியர் ஆண்டபோது அங்கு வழங்கிய பிரெஞ்சில் ‘பார் அமோன்’ என்பது மேலே, மேற்புறமாக என்று பொருள்பட்டது. ‘அமோன்’ என்பதன் மூலம் ‘மலையை நோக்கி’ எனப் பொருள்படும் இலத்தீன் தொடர். எனவே இப்பெயரடையின் அடியில் ஒரு மலை இருக்கிறது. இப்பெயர் தாங்கிய திரைப்பட நிறுவனம் தன் சின்னமாக மலைமுகட்டைக் காட்டி வருவது சொற்பிறப்போடு பொருந்தி அமைந்திருக்கிறது.

இச்சொல்லுக்கு ஓர் எதிர்ச்சொல்லும் இருந்தது; இன்று அதனைச் சட்ட வரலாறு பயில்வோரே அறிவர். ‘பாரவெய்ல்’ என்னும் அச்சொல் பள்ளத்தாக்கை நோக்கி, அதாவது கீழ்நோக்கி, என்னும் பொருளுடையது. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னர் வேரூன்றிய நிலவுடைமை முறையில், நிலம் முழுவதும் அரசனிடமிருந்தே பெறப்பட்டதாகக் கொள்ளப்பட்டது. அரசனிடமிருந்து பெற்றவன் பிறருக்கு அளித்தான். அவர்கள் மேலும் பிறருக்கு அளித்தனர். இந்த ஏணியின் அடியில் நின்று நிலத்தை நேரே பயன்கொண்டவன் ‘பாரவெய்ல்’ குடி. எவரிடமிருந்தும் பெறாமல் உச்சியில் நின்றவன் ‘பாரமவுண்ட்’ தலைவன். மலையும் பள்ளமும் ஆங்கிலத்தில் உரிமையின் படிகளைக் குறித்தது போலவே, மேல் என்னும் தமிழ்ச் சொல்லும் உரிமையைக் குறித்துள்ளது. விளைச்சலில் அரசுக்கோ நிலத்தலைவருக்கோ உரிய பங்கு மேல்வாரம் எனப்பட்டது. மேட்டுநிலம் உள்ள திசை மேற்கு என்றும், தாழ்ந்த திசை கிழக்கு என்றும் பெயர் பெற்ற மொழியில் இது வியப்பன்று.

நிலவுடைமை வழக்கிலிருந்து இச்சொல்லின் பொருட்கூறு ஒன்று தெளிவாகிறது. ‘பாரமவுண்ட்’ தலைவன் பல தலைவர்களுள் மிகப் பெரியவன் என்பது மட்டும் அன்று. அவனுக்கு மேல் எவரும் இல்லை என்பதே சொல்லின் உள்ளீடு. 1291இல் இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்டு இசுக்காட்லாந்தின் மீது இப்பட்டத்தைக் கோரியபோது, அண்டை அரசர்களுள் தாமே வலியவர் என்று அவர் கூறவில்லை. அந்நாட்டின் அரியணை வழக்கில் இறுதித் தீர்ப்பு தம்முடையது என்றே கூறினார். மிகுதியைச் சுட்டுவது ஒன்று, முடிவுரிமையைச் சுட்டுவது மற்றொன்று. ‘பாரமவுண்ட்’ இரண்டாவதனைச் சுட்டும் சொல்.

ஆதலால்தான் இப்பெயரடை ஒப்பீட்டுப் படிகளை இயல்பாக ஏற்பதில்லை. ‘இம்பார்டன்ட்’ என்பதன்முன் மிகுதியையும் உச்சத்தையும் காட்டும் ‘மோர்’, ‘மோஸ்ட்’ என்னும் அடைகள் வரலாம். ‘பாரமவுண்ட்’ என்பதன்முன் அவை வரும்போது நடையறிந்தோர் குறை காண்பர். தனக்கு மேல் ஒன்றில்லாததை ‘மேலும்’ என்று அளக்க இயலாது. ஒலியொப்புமையால் ‘டான்டமவுண்ட்’ என்னும் சொல்லோடு இதனை மயங்குவோரும் உளர். அது ‘இன்னதற்குச் சமம்’ என்று பொருள்படும். மலை என்னும் அதே வேர் அதனுள்ளும் இருப்பினும், அது உயர்வைக் குறியாது நிகரளவைக் குறிக்கிறது.

அரசியல் வழக்கு

பிரித்தானிய ஆட்சிக்கால இந்தியாவில் இப்பெயரடையிலிருந்து பிறந்த ‘பாரமவுண்ட்சி’ என்னும் பெயர்ச்சொல் பெருவழக்குற்றது. தமிழில் அது மேலாதிக்கம் எனப்பட்டது. சுதேச சமத்தானங்களின் மீது பிரித்தானிய முடி செலுத்திய அதிகாரம் இது. அதன் எல்லை எது என்று மன்னர்கள் கேட்டுக்கொண்டே இருந்தனர். 1927இல் அமைக்கப்பட்ட பட்லர் குழு 1929இல் அறிக்கை தந்தபோது எல்லை வரைய மறுத்தது. மேலாதிக்கம் மேலாதிக்கமாகவே இருக்க வேண்டும் என்னும் கருத்துப்பட விடையிறுத்தது. சொல்லை அச்சொல்லாலேயே விளக்கிய இவ்விடை ஏய்ப்புப் போலத் தோன்றும். சொற்பொருள் நோக்கில் அது பிழையன்று; எல்லை கட்டப்பட்டுவிட்டால் அந்த எல்லையே அதனினும் மேலானதாகிவிடும்.

1946 மே மாதத்தில் அமைச்சரவைத் தூதுக்குழு வெளியிட்ட குறிப்பு, இந்த அதிகாரம் புதிய இந்திய அரசுக்குக் கைமாற்றப்படாது என்றது. அதனையே பற்றுக்கோடாகக் கொண்டு திருவிதாங்கூர் திவான் சி. பி. இராமசாமி ஐயர் 1947 சூனில் அச்சமத்தானம் தனிநாடாகும் என்று அறிவித்தார், அம்முயற்சி நிலைக்கவில்லை. தமிழ்ப்பகுதியில் இருந்த புதுக்கோட்டை 1948 மார்ச் 3ஆம் நாள் சென்னை மாகாணத்தோடு இணைந்தது. அரசியலில் இச்சொல்லின் ஆட்சி பெரும்பாலும் அங்கு முடிந்தது. சியரா லியோன் போன்ற ஆப்பிரிக்க நாடுகளில் குடித்தலைவர் பட்டமாக அது இன்றும் வாழ்கிறது.

குழந்தையின் நலன்

இப்பெயரடை இன்று மிகுந்த வலிமையோடு வாழும் இடம் குடும்பச் சட்டம். அது அங்கு நுழைவதற்கு முன்னிருந்த நிலையை அறிய, சென்னையில் தொடங்கிய ஒரு வழக்கைக் காணலாம். அடையாற்றில் பிரம்மஞான சபையின் தலைவராக இருந்த அன்னி பெசன்ட், ஜே. கிருஷ்ணமூர்த்தியையும் அவருடைய தம்பி நித்தியானந்தாவையும் தம் காப்பில் ஏற்றார். 1910இல் அவர்களுடைய தந்தை நாராயணய்யா இதற்கு எழுத்துவழி இசைந்தார். பின்னர் அவர் இசைவைத் திரும்பப் பெற்று 1912இல் வழக்குத் தொடுத்தார். சிறுவர்கள் அப்போது இங்கிலாந்தில் இருந்தனர். 1913இல் சென்னை உயர் நீதிமன்றம் தந்தைக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்து, அவர்களை ஒப்படைக்குமாறு ஆணையிட்டது. 1914இல் இலண்டன் பிரிவி கவுன்சில் அத்தீர்ப்பை நீக்கியது. சிறுவர்களின் விருப்பமும் நலனும் அறியப்படாமலே அவர்களைப் பற்றிய ஆணை பிறந்திருந்தது என்பது அங்கு எழுந்த குறைகளுள் ஒன்று. அன்னி பெசன்டுக்கு இத்தகைய வழக்கு புதிதன்று. அவருடைய கடவுள் மறுப்புக் கொள்கையும் கருத்தடை பற்றிய வெளியீடும் காரணங்களாகக் காட்டப்பட்டு, 1878இல் இங்கிலாந்து நீதிமன்றம் அவருடைய மகளை அவரிடமிருந்து பிரித்துத் தந்தையிடம் ஒப்படைத்திருந்தது.

அக்காலத்து ஆங்கிலச் சட்டத்தில் தந்தையின் உரிமையே தொடக்கப்புள்ளி. குழந்தையின் நலன் அவ்வுரிமைக்கு விதிவிலக்காக, அரிதாக, வந்து நின்றது. இந்தியாவின் 1890ஆம் ஆண்டுக் காப்பாளர், காக்கப்படுவோர் சட்டம் நலனைக் குறிப்பிட்டதாயினும், இளவர் எச்சட்டத்திற்கு உட்பட்டவரோ அச்சட்டத்திற்கு இயைந்த அளவில் என்னும் கட்டோடு அதனைக் குறிப்பிட்டது. அதன் 17ஆம் பிரிவில் ‘பாரமவுண்ட்’ என்னும் சொல் இல்லை.

இங்கிலாந்தின் 1925ஆம் ஆண்டுக் குழந்தைகள் காப்பாண்மைச் சட்டம் இந்நிலையை மாற்றியது. குழந்தையின் நலனை ‘ஃபர்ஸ்ட் அண்ட் பாரமவுண்ட்’ கருத்தாக நீதிமன்றம் கொள்ள வேண்டும் என்று அது விதித்தது. முதலாவது என்றும் மேலானது என்றும் இரண்டு அடைகள் ஒருங்கே வந்தமையால் கேள்வி எழுந்தது: இவை ஒரு பொருட் பன்மொழியா, வேறுபொருள் உடையவையா? 1969இல் பிரபுக்கள் அவை ஒரு வழக்கில் இதற்கு விடை கண்டது. இசுப்பானியப் பெற்றோருக்கு இங்கிலாந்தில் பிறந்து, வளர்ப்புப் பெற்றோரிடம் பல ஆண்டுகள் வாழ்ந்த சிறுவனைப் பற்றியது அவ்வழக்கு. பெற்றோரிடம் குற்றம் ஏதும் இல்லை. ஆயினும் சிறுவன் வளர்ப்புப் பெற்றோரிடமே இருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. நீதியரசர் மக்டர்மட் தம் உரையில் இரண்டு அடைகளையும் பிரித்துக் காட்டினார். நலன் முதல் தரச் சிறப்புடையது என்பதைக் காட்டுவது முன்னது. எவ்வழியிற் செல்வது என்பதை அந்நலனே தீர்மானிக்கிறது என்பதைக் காட்டுவது பின்னது. பெற்றோரின் உரிமை, விருப்பம், சூழ்நிலை அனைத்தும் எடைபோடப்படும். ஆனால் அவை குழந்தையின் நலனுக்கு எதிரான தட்டில் வைத்து நிறுக்கப்படுவதில்லை. நலன் எதில் இருக்கிறது என்று காண்பதற்கே அவை நிறுக்கப்படுகின்றன. இச்சொல்லுக்கு இதனினும் தெளிவான பொருள் விளக்கம் கிடைப்பது அரிது. இங்கிலாந்தின் 1989ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம் ‘ஃபர்ஸ்ட்’ என்பதைக் கைவிட்டு ‘பாரமவுண்ட்’ என்பதை மட்டும் வைத்துக்கொண்டது.

இந்தியச் சட்டம் 1956இலேயே ‘பாரமவுண்ட்’ என்பதைத் தனித்து ஆண்டிருந்தமை குறிப்பிடத்தக்கது. அதே சட்டத்தின் 6ஆம் பிரிவு இயற்கைக் காப்பாளர் தந்தை, ‘அவருக்குப் பின்’ தாய் என்று கூறுகிறது. இரு பிரிவுகளும் முரண்படும்போது 13ஆம் பிரிவே மேலோங்கும். ஒருவருடைய காப்பாண்மை குழந்தையின் நலனுக்கு ஆகாது என நீதிமன்றம் கருதினால், 6ஆம் பிரிவின் பேரால் அவர் உரிமை கோர இயலாது. 1999இல் எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், ‘பின்’ என்பதற்குத் தந்தையின் இறப்புக்குப் பின் என்று மட்டும் பொருள் கொள்ளாமல், அவர் இல்லாதபோது அல்லது பொறுப்பேற்காதபோது என்றும் பொருள் கொண்டது. ஒரு சட்டத்தின் இரு சிறு சொற்கள் பல்லாயிரம் தாய்மாரின் நிலையை முடிவு செய்தன.

ஓர் உடன்படிக்கை, இரு பெயரடைகள்

ஐக்கிய நாடுகள் அவை 1959இல் வெளியிட்ட குழந்தை உரிமைச் சாற்றுரை, சட்டம் இயற்றும்போது குழந்தையின் நலன் ‘பாரமவுண்ட்’ கருத்தாக வேண்டும் என்றது. 1978இல் போலந்து முன்வைத்த உடன்படிக்கை வரைவும் அச்சொல்லையே பின்பற்றியது. 1989 நவம்பர் 20ஆம் நாள் நிறைவேறிய உடன்படிக்கையின் 3ஆம் உறுப்பில் அது காணப்படவில்லை. குழந்தைகளைப் பற்றிய எல்லாச் செயல்களிலும் அவர்களுடைய நலன் ‘எ பிரைமரி’ கருத்தாக வேண்டும் என்றே அவ்வுறுப்பு அமைந்தது. மகவேற்பைப் பற்றிய 21ஆம் உறுப்பிலோ ‘த பாரமவுண்ட்’ என்பது நின்றது.

இந்த மாற்றம் நெகிழ்ச்சியால் நேர்ந்ததன்று. 3ஆம் உறுப்பின் பரப்பு மிக விரிந்தது. நகரமைப்பு, வரவுசெலவுத் திட்டம், குடியேற்றம் என எல்லாத் துறைகளையும் அது தொடும். அங்கெல்லாம் பிற மக்களின் நலனும் எதிர்நிற்கும். பேறுகாலத்தில் தாயின் உயிரும் குழந்தையின் நலனும் எதிரெதிர் நிற்குமாயின், குழந்தையின் நலனே முடிவு செய்யும் என்று எந்தச் சட்டமும் கூறத் துணியாது. மகவேற்பு அவ்வாறன்று. அது குழந்தைக்காகவே செய்யப்படுவது. அங்குப் பிறருடைய நலன் எதுவும் முடிவுரிமை பெறலாகாது.

பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் 1979ஆம் ஆண்டு உடன்படிக்கையில் வேறொரு விந்தை உண்டு. குழந்தைகளின் நலன் பற்றி அதன் 16ஆம் உறுப்பு ‘பாரமவுண்ட்’ என்கிறது. 5ஆம் உறுப்பு ‘பிரைமோர்டியல்’ என்கிறது. பின்னது ஆங்கிலத்தில் பொதுவாகத் தொன்மையைக் குறிக்கும் சொல். பிரெஞ்சிலோ தலைமைப் பொருளில் இயல்பாக வழங்குவது.

பிரெஞ்சு மூலம் மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு வழியைக் காட்டுகிறது. குழந்தை உரிமை உடன்படிக்கையின் ஆறு மொழி மூலங்களும் சம அதிகாரம் உடையவை. பிரெஞ்சும் அவற்றுள் ஒன்று. அதில் 3ஆம் உறுப்பிலும் 21ஆம் உறுப்பிலும் ஒரே பெயரடைதான் வருகிறது: ‘பிரிமோர்தியால்’. வேறுபாடு முழுவதையும் அப்பெயரடையோடு வரும் சார்படைகள் தாங்குகின்றன. 3இல் ‘ஒரு’ எனப் பொருள்படும் ‘உய்ன்’. 21இல் குறிப்பிட்டு வரையறுக்கும் ‘லா’. முடிவுரிமை என்னும் பொருளைப் பெயரடையை மாற்றாமல் இலக்கண உருபாலேயே காட்டலாம் என்பதற்கு இது சான்று.

தமிழாக்கம்

தமிழில் முதலில் வந்து நிற்கும் சொல் ‘முதன்மை’. நிருவாகத் தமிழ் இதனைப் பெரும்பாலும் ‘பிரின்சிபல்’ என்பதற்கு ஈடாக நிறுத்திவிட்டது. ஒரு மாநிலத்தில் தலைமைச் செயலாளர் ஒருவரே. முதன்மைச் செயலாளர்கள் பலர். ஆகவே ‘முதன்மை’ என்றதும் ஒருமையோ முடிவுரிமையோ தோன்றுவதில்லை. வட்டியும் முதலும் என்னும் வழக்கிலும் முதல் என்பது அடிப்படையைக் குறிக்குமேயன்றி மேலாண்மையைக் குறிப்பதில்லை. இச்சொல் ‘பிரைமரி’ என்பதற்கு நன்கு பொருந்தும். அதற்கே ஒதுக்குவது தகும்.

‘தலையாய’ என்பது இதனினும் நெருங்கியது. கேள்விச் செல்வத்தைச் செல்வங்களுக்கெல்லாம் தலை என்றும், பகுத்துண்டு உயிர் ஓம்புதலை அறங்களுக்கெல்லாம் தலை என்றும் திருக்குறள் கூறுமிடங்களில், இச்சொல் ‘எல்லாம்’ என்பதோடு சேர்ந்து பயனிலையாக நிற்கிறது. ஆயினும் தலை என்பதற்குத் தமிழ் மரபில் இடை, கடை என்னும் துணைப்படிகள் உண்டு. நன்னூல் மாணாக்கரைத் தலை, இடை, கடை எனப் பகுத்து, அன்னமும் பசுவும் போல்வாரைத் தலை மாணாக்கர் என்கிறது. அவர்கள் சிறந்தவர்களேயன்றி வகுப்பை ஆள்பவர் அல்லர். தரவரிசையின் சாயல் இச்சொல்லோடு எப்போதும் வரும்.

‘உயர்’, ‘உச்ச’ என்பவற்றில் மேல் என்னும் உருவகம் இருப்பதால் சொற்பிறப்பு நோக்கில் அவை பொருந்துவன. ஆனால் அவற்றின் ஆட்சி நாட்டுக்கு நாடு வேறு. தமிழ்நாட்டில் உயர் நீதிமன்றத்துக்கு மேல் உச்ச நீதிமன்றம் உண்டு. இலங்கையில் உயர் நீதிமன்றமே இறுதி மன்றம். அதற்குக் கீழே மேல் நீதிமன்றம். தமிழ்நாட்டார் ‘உயர்’ என்பதைப் படித்தால் மேல்முறையீட்டுக்கு இடம் உண்டு என்று கொள்வர். இலங்கையர் இல்லை என்று கொள்வர். இந்தியாவும் இலங்கையும் குழந்தை உரிமை உடன்படிக்கையை ஏற்ற நாடுகள் ஆதலால், இரு நாட்டுத் தமிழுக்கும் ஒத்துவரும் தொடரே வேண்டும்.

அத்தொடருக்கான கருவி தமிழ் இலக்கணத்திலேயே உள்ளது. தொல்காப்பிய இடையியல் ஏகாரத்துக்குத் தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை என ஐந்து பொருள் வகுக்கிறது. இவற்றுள் பிரிநிலை ஏகாரம் ஒன்றைப் பலவற்றினின்று பிரித்துத் தனியே நிறுத்துவது. பிரெஞ்சில் ‘லா’ செய்யும் பணியைத் தமிழில் இவ்வேகாரம் செய்யவல்லது. ‘உய்ன்’ செய்யும் பணியை ‘பலவற்றுள் ஒன்று’ என்னும் வாய்பாடு செய்யும். எனவே 3ஆம் உறுப்பைக் ‘குழந்தையின் நலன் முதன்மைக் கருத்துகளுள் ஒன்றாகக் கொள்ளப்படும்’ என்றும், 21ஆம் உறுப்பைக் ‘குழந்தையின் நலனே பிற எல்லாவற்றுக்கும் மேலான கருத்தாகக் கொள்ளப்படும்’ என்றும் பெயர்க்கலாம். பின்னதில் ‘மேலான’ என்பது சொல்லின் மலையைக் காக்கிறது. ஏகாரம் அதன் முடிவுரிமையைக் காக்கிறது. ஏகாரத்தை விட்டால் தொடர் புகழுரையாக மட்டும் நிற்கும். ‘மேலான’ என்பதை விட்டு ஏகாரத்தை மட்டும் வைத்தால், பிற செய்திகளைக் கருதவே கூடாது என்று பொருள்பட்டுவிடும்; அது நீதியரசர் மக்டர்மட் கூறியதற்கு மாறானது.

இந்தியாவின் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 3ஆம் பிரிவு ‘த பிரைமரி’ என்னும் தொடரை ஆள்கிறது. உடன்படிக்கையின் பெயரடையை அது எடுத்துக்கொண்டது. சார்படையை ‘எ’ என்பதிலிருந்து ‘த’ என்று மாற்றிக்கொண்டது. அதனைத் தமிழில் பெயர்ப்போர் ‘குழந்தையின் நலனே முதன்மைக் கருத்து’ என்று எழுத வேண்டியிருக்கும். இங்கு ‘மேலான’ என்பதற்கு இடம் இல்லை, ஏகாரத்துக்கு இடம் உண்டு.